“கடுமை காட்டுவேன்” என்று ஓட்டுக் கேட்பவரிடம் நாம் கேட்க வேண்டியது

(அடுக்குமாடி குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, நாளைக் காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் வளவளவென்று பேசப் போவதில்லை.

தேர்தல் நெருங்கினால் நம் பகுதிக்கு செராமா வரும். மேடையில் ஏறும் வேட்பாளர் இரண்டு விஷயங்களைச் சொல்வார். ஒன்று, “குற்றவாளிகளை ஒடுக்குவேன், குண்டர் கும்பலை வேரோடு பிடுங்குவேன், இரக்கம் காட்ட மாட்டேன்.” இரண்டு, “நான் ஒழுக்கமானவன். குடி கிடையாது, சூது கிடையாது, கோயிலுக்குப் போகிறேன். நம் இளைஞர்கள் ஒழுக்கம் கெட்டுப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.” நாம் கைதட்டுவோம். இந்த இரண்டு வாக்கையும் எப்படி எடை போடுவது என்பதுதான் இன்று என் பேச்சு. யாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. யாராக இருந்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். குற்றம் என்பது நமக்குப் பத்திரிகைச் செய்தி அல்ல. பஸ் நிற்கும் இடத்தில் தாலிக்கொடியைப் பறிகொடுத்த அக்கா இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். தவணை கட்டி முடிக்காத மோட்டாரைக் கீழே நிறுத்தி, காலையில் காணாமல் தவித்தவர் இருக்கலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனிடம் ஒருவன் வந்து, “எங்களோடு சேர், யாரும் உன்னைத் தொட மாட்டார்கள்” என்று சொன்னதைக் கேட்டு உறக்கம் இழந்த தாய் இருக்கலாம். பணக்காரர் குடியிருக்கும் தாமானில் கேட் உண்டு, ஜாகா உண்டு, கேமரா உண்டு. நமக்கு லிப்டில் விளக்கே எரிவதில்லை. கும்பல்காரனால் முதலில் அடிபடுவது ஏழைத் தமிழ்க் குடும்பம்தான். ஆகவே “கடுமையாக இருங்கள்” என்று கேட்பது அறியாமை இல்லை. அது நம் உரிமை. உரிமை இயக்கம் என்றால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவது என்று சிலர் சொல்வதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பாக வீடு திரும்புவதும் உரிமைதான்.

ஆனால் கேள்வி இதுதான்: அந்தக் கடுமை யார் தலையில் இறங்கும்?

நம் பக்கத்து நாட்டைப் பாருங்கள். பிலிப்பைன்சில் 2016 மே மாதம் அதிபர் தேர்தல் நடந்தது. டாவாவ் நகரின் மேயராக நீண்ட காலம் இருந்த ரொட்ரிகோ டுட்டெர்ட்டே போட்டியிட்டார். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்திற்குள் போதைப்பொருளையும் குற்றத்தையும் ஒழித்துக் காட்டுவேன் என்றார். குற்றவாளிகளைக் கொல்வேன் என்று மேடையிலேயே பேசினார். மக்கள் பயந்து ஓட்டுப் போடவில்லை, விரும்பித்தான் போட்டார்கள். சுமார் 1 கோடியே 60 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. ஏழைகளும் நிறையப் பேர் போட்டார்கள். திருட்டுக்கும் போதைக்கும் நடுவே வாழ்ந்து சலித்தவர்கள் அவர்கள். நம்மைப் போன்றவர்கள்தான்.

பிறகு என்ன நடந்தது? அவருடைய ஆறு ஆண்டு ஆட்சியில், போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைகளில் 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை அந்நாட்டு அரசாங்கக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. செத்தவர்களில் பெரும்பாலோர் தகரக் கூரை வீட்டுக்காரர்கள், கூலிகள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள். 2017 ஆகஸ்டு மாதம் மணிலா வட்டாரத்தில் 17 வயது மாணவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டான் என்றது போலீஸ். அவனைப் போலீஸ்காரர்கள் இழுத்துச் செல்வது கேமராவில் பதிவாகியிருந்தது. 2018 நவம்பரில் மூன்று போலீஸ்காரர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேமரா இல்லாத சந்துகளில் செத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட தீர்ப்பு கிடைக்கவில்லை.

ஒழுக்கத்தின் பெயரால் நடந்ததையும் கேளுங்கள். 2018 ஜூன் மாதம், தெருவில் சும்மா நிற்பவர்கள் மீது அங்கே ஒரு நடவடிக்கை தொடங்கியது. தெருவில் குடித்தவர்கள், சட்டை போடாமல் நின்றவர்கள், இரவில் வெளியே இருந்த சிறுவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள். சட்டை இல்லாமல் வீட்டுக்கு வெளியே நின்றதற்காகப் பிடித்தார்கள் என்று குடும்பத்தார் சொன்ன ஓர் இளைஞர், சில நாளில் காவலில் இறந்துபோனார். கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் மின்விசிறி ஒன்று, பிள்ளைகள் நான்கு என்றால், பையன் கீழே இறங்கி நிற்கத்தான் செய்வான். வசதியுள்ளவன் வீட்டு ஹாலில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது ஓய்வு. ஏழை தெருவில் அப்படி நின்றால் அது ஒழுக்கக்கேடு.

2025 மார்ச் மாதம் டுட்டெர்ட்டே கைது செய்யப்பட்டு, நெதர்லாந்தில் உள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பது அவர் மீதான புகார். அவர் தலைவிதியை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் பிள்ளையைப் புதைத்த தாய்மார்களுக்கு அந்தப் பிள்ளை திரும்பி வரப் போவதில்லை.

அது வேறு நாடு, இங்கே அப்படியெல்லாம் நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டின் கதையை 2013-லிருந்து சொல்கிறேன்.

1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின் கீழ், விசாரணை இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டு அடைத்து வைக்க முடிந்தது. 2011-இல் அவசரகாலப் பிரகடனங்கள் மீட்டுக்கொள்ளப்பட்டதால் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. தடுப்பு முகாமில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் அதிகமானபோது, “இவர்கள் வெளியே வந்ததுதான் காரணம், பழைய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்ற குரல் உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர் என்றும், அவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. மக்கள் தொகையில் நாம் அப்போது 7 விழுக்காட்டை ஒட்டி இருந்த சமுதாயம்.

அந்த எண்ணிக்கையை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரு விதம்: “இந்தியப் பையன் என்றாலே சந்தேகப்படு.” இன்னொரு விதம்: “ஒரு சிறிய சமுதாயத்துப் பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் கும்பலுக்குப் போனார்கள், அவர்களை அந்த வாசலில் கொண்டுபோய் விட்டது எது?” இரண்டாவது கேள்வியை அன்று மேடையில் கேட்டவர்கள் குறைவு. அவ்வாண்டு அக்டோபரில் அப்போதைய உள்துறை அமைச்சர் மலாக்காவில் பேசியபோது, கும்பல்காரர்களை முதலில் சுட்டால் தவறில்லை என்ற பொருளில் பேசியதாகச் செய்தி வெளியாகி, பெரிய சர்ச்சை ஆனது. அதே ஆண்டில் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2014-இல் நடைமுறைக்கு வந்தது. விசாரணை இல்லாத இரண்டு ஆண்டு தடுப்புக் காவல் அதன் வழியாகத் திரும்பி வந்தது.

2012-ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயங்கரவாதத்துக்கு என்று பலரும் நினைத்த அந்தச் சட்டம், கட்டமைக்கப்பட்ட குற்றக் கும்பல் வழக்குகளுக்கும் பயன்படுகிறது. 28 நாள் வரை போலீஸ் காவல். குற்றம் சாட்டப்பட்ட பிறகு பெரும்பாலோருக்குப் பிணை கிடையாது. வழக்கு முடியும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். அவன் குற்றவாளியா இல்லையா என்று நீதிபதி சொல்வதற்கு முன்பே வீட்டு வாடகை நின்றுவிடும், மோட்டாரை வங்கிக்காரன் இழுத்துக்கொண்டு போய்விடுவான், மனைவி இரண்டு வேலை பார்ப்பாள், பிள்ளை பள்ளியில் “உன் அப்பா எங்கே” என்ற கேள்விக்குத் தலை குனிவான். கடைசியில் அவன் நிரபராதி என்று வந்தால் இதையெல்லாம் யார் திருப்பிக் கொடுப்பது?

குகனை மறந்திருக்க மாட்டீர்கள். 22 வயது. ஆடம்பரக் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, 2009 ஜனவரி 20-ஆம் தேதி சுபாங் ஜெயாவில் உள்ள தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பிரேதப் பரிசோதனையில், உடலில் பலத்த அடி விழுந்து அதனால் சிறுநீரகம் செயலிழந்தது தெரிய வந்தது. ஒரே ஒரு போலீஸ்காரர் குற்றவாளி என்று காணப்பட்டு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். 2013-இல் உயர்நீதிமன்றம், 800,000 வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒரு தாய் சலிக்காமல் நின்றதால் வந்த நீதி அது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கார் திருட்டு ஒழிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. அந்த வழக்கில் கார் திருடியது யார் என்று குகன் நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்லவே இல்லை. சந்தேக நபர் லோக்காப்பில் செத்தால் திருட்டு வழக்கும் சேர்ந்து சாகிறது. பின்னால் இருந்த முதலாளி யார், கார் யாரிடம் போனது என்பதும் அவனோடு போகிறது. அடிக்கும் கடுமை குற்றத்தை ஒழிப்பதில்லை. குற்றத்தின் தடயத்தைத்தான் ஒழிக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் எங்கே வரும்?

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காவல் மரணம் எல்லாமே அடியால் வந்தது அல்ல. நோய்க்கு மருந்து கிடைக்காமல் இறந்தவர்களும் உண்டு. நேர்மையாக வேலை செய்யும் போலீஸ்காரர்களும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்தப் படையில் சேர வேண்டும் என்று விரும்புகிறோம். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: தவறு நடந்தால் அதை விசாரிக்க, போலீசைச் சாராத, பல் உள்ள ஓர் ஆணையம். அரச விசாரணை ஆணையம் 2005-இலேயே அதைத்தான் பரிந்துரைத்தது. அதற்காக 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா நிறைவேறாமலே போனது. 2022-இல் வேறொரு சட்டம் நிறைவேறி, 2023 ஜூலையில் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் தவறு செய்தவரைத் தானே தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். திருடனிடம் கடுமை வேண்டும் என்று முழங்கும் வேட்பாளர், இந்த இடத்தில் மட்டும் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்?

தண்டனை கூடினால் குற்றம் குறையும் என்பது நம் வீட்டுத் திண்ணையிலும் பேசும் பேச்சு. போதைப்பொருள் கடத்தலுக்கு நம் நாட்டில் 1983 முதல் கட்டாயத் தூக்கு இருந்தது. அதைவிடக் கடுமையான தண்டனை உலகில் கிடையாது. போதை நின்றதா? உங்கள் பிளாக்கின் படிக்கட்டைக் கேட்டால் பதில் சொல்லும். மரண தண்டனைக் கைதிகள் 1,300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்குக்காரர்கள். கடைசியில் 2023 ஏப்ரலில் மக்களவை கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தூக்கு என்பது நீதிபதி முடிவு செய்யும் தண்டனை ஆனது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட நாகேந்திரனும் நம் ஈப்போ பிள்ளைதான். 42.72 கிராம் ஹெராயின் கடத்தியதாக 2009-இல் பிடிபட்டவர். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சோதனையில் வந்தும், நீதிமன்றங்கள் அதைத் தண்டனையைக் குறைக்கப் போதுமான காரணமாக ஏற்கவில்லை. தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டுபவன் எப்போதும் பணமில்லாத வீட்டுப் பிள்ளைதான். பெரிய மீன் வலையில் விழுவது அபூர்வம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் கிழவிகள் சும்மாவா சொன்னார்கள்?

அப்படியென்றால் எது குற்றத்தைக் குறைக்கும்? மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான் திருடனைத் தயங்க வைக்கும். மாட்டினால் பத்து ஆண்டா இருபது ஆண்டா என்று அவன் கணக்குப் பார்ப்பதில்லை. மாட்டுவோமா மாட்டோமா என்றுதான் பார்ப்பான். ஆகவே விளக்கு எரிய வேண்டும். போலீஸ் ரோந்து நம் பிளாக்கிற்கும் வர வேண்டும். மோட்டார் காணாமல் போனதாகப் புகார் கொடுக்கப் போனால் மரியாதையாக எழுதிக்கொள்ள வேண்டும், அதைத் தேட வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண் பாலாய்க்குப் போனால் “குடும்பப் பிரச்சினை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதெல்லாம் கடுமை இல்லையா? இதுதான் உண்மையான கடுமை. ஆனால் மேடையில் இதற்குக் கைதட்டு விழாது.

இப்போது ஒழுக்கத்துக்கு வருகிறேன். “தாய் வளர்ப்பு சரியில்லை, பெற்றோர் கண்டிக்கவில்லை” என்று சொல்லும் வேட்பாளரைப் பார்த்திருக்கிறீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடுகட்டும் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டபோதும், நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். வேலையும் போனது, வீடும் போனது, கோயிலும் போனது, பிள்ளையை நாலு பேர் கண்டிக்கும் லயமும் போனது. பட்டணத்து ஓரத்துக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்தார்கள். அம்மா இரவு ஷிப்டு, அப்பா லோரி. பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைக்கு நல்ல வேலையும் இல்லை. அவனைத் தேடி வந்து, “நீ எங்கள் ஆள்” என்று முதலில் சொல்பவன் கும்பல்காரன். நம் பிள்ளையை அவனுக்கு முன்னால் யார் தேடிப் போனார்கள்? இதைக் கேட்காமல் ஒழுக்கம் பேசுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு பானையைத் திட்டுவது போல.

இதைச் சொல்வதால் நம் பொறுப்பு போய்விடாது. தம்பிகளே, உங்களிடம் நேராகவே சொல்கிறேன். சாவு ஊர்வலத்தில் கும்பல் எண் போட்ட சட்டையும் கொடியும் பிடிப்பது வீரம் இல்லை. அந்தக் கொடியைப் பிடித்த கையைப் படமெடுத்து வைத்துக்கொண்டுதான் நாளை உன் பெயர் பட்டியலில் ஏறும். கும்பல் தலைவன் பிள்ளை தனியார் கல்லூரியில் படிக்கும். நீ லோக்காப்பில் இருப்பாய். பெற்றோர்களே, மகன் கையில் விலை உயர்ந்த கைப்பேசி வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்கப் பயந்தால் அந்தப் பயத்தை நம்மிடம் வந்து சொல்லுங்கள்.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரிக்கும் முன் உறவினருக்குத் தொடர்புகொள்ளும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவில் இருக்கிறது. சாதாரண வழக்குகளில், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் ரிமாண்ட் முதலில் 4 நாள், பிறகு 3 நாள், அதற்கு மேல் இல்லை. அதைவிடப் பெரிய குற்றத்துக்கு ஏழும் ஏழும் 14 நாள். வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் ரிமாண்ட் அன்றே உதவுகிறார்கள். மகன் பிடிபட்டான் என்று செய்தி வந்தால் அழுதுகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். எந்த பாலாய், எந்த அதிகாரி, எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதுங்கள். அவனுக்கு மருந்து இருந்தால் உடனே கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இனி வேட்பாளர் வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: விசாரணை இல்லாமல் அடைக்கும் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா? ஆம் என்றால், உங்கள் சொந்த மகனுக்கும் அதே சட்டம் போதும் என்று இங்கே சொல்வீர்களா?

இரண்டு: போலீஸ் நடத்தை ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் கொடுக்க ஓட்டுப் போடுவீர்களா?

மூன்று: காவலில் ஒருவர் இறந்தால், அவர் எந்த இனமாக இருந்தாலும், எந்தக் குற்றச்சாட்டாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தோடு நிற்பீர்களா?

நான்கு: லஞ்சம் வாங்கும் பெரியவர்களிடமும் இதே கடுமை உண்டா, அல்லது அது மோட்டார் திருடனோடு முடிந்துவிடுமா?

ஐந்து: எங்கள் பிள்ளைகளைக் கும்பலுக்கு முன்னால் நீங்கள் எட்டிப்பிடிக்க என்ன வைத்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குத் தொழிற்பயிற்சி, எந்த மாதத்தில்?

இந்தக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்பவருடைய ஒழுக்கத்தை நான் நம்புவேன். நெற்றியில் திருநீறு இருக்கிறதா, கையில் கிளாஸ் இருந்ததா என்பது அவருடைய சொந்த விஷயம். பலமுள்ளவன் முன்னால் என்ன பேசுகிறார், பலமில்லாதவன் முன்னால் என்ன பேசுகிறார், இரண்டும் ஒன்றா என்பதுதான் பொதுவாழ்வில் இருப்பவரின் ஒழுக்கம்.

அவர் சொல்லும் பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஜெயித்து ஆறு மாதம் கழித்து அந்தத் தாளோடு அவருடைய சேவை மையத்துக்குப் போங்கள். ஒருவராகப் போகாதீர்கள், பத்துக் குடும்பமாகப் போங்கள். 18 வயது நிரம்பிய உங்கள் பிள்ளைகளும் இப்போது தாமாகவே வாக்காளர்கள். அவர்களையும் கூட்டிப் போங்கள். நம் கையில் இருக்கும் ஓட்டு சிறியது. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் போடும் ஓட்டை எந்த வேட்பாளரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.